சேர்ந்துட்டேன்

செப்டம்பர் 21, சனி

கூடாரம் நிமிர்த்த ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. முப்பத்து நான்கு வருஷம் மின்வாரியத்தில் கம்பம் நட்டு, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன், ஒரு துணிக் கொட்டாயை நிறுத்தத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மருமகள் கோகிலவாணிதான் பையில் இருந்த படத்தைப் பார்த்து நிறுத்தினாள். "நீங்க அந்த மூலையைப் பிடிச்சாப் போதுமுங்க மாமா" என்றாள். பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்றோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தவில்லையாம், தள்ளி வைத்திருக்கிறார்களாம். பதினோரு நாள் தேடினோம், புதிதாக ஏதாவது தெரிய வந்தால் மறுபடி வருவோம் என்று இந்த ஊர்ப் போலீஸான ஷெரிப் ஆபீஸின் சார்ஜென்ட் கோகிலாவிடம் சொன்னார். நல்ல மனுஷன்தான். சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

என் மகன் பரிதி ஏழாம் தேதி சனிக்கிழமை இங்கேதான் காரை விட்டுவிட்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறினான். முதல் ராத்திரி ஓடைக்கரை, ஞாயிறு சாயந்திரம் பொழுதோட மேட்டைத் தாண்டி ஏரிக்கரை, திங்கள் மத்தியானம் வீடு. கோகிலாவிடம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். திங்கள் வரவில்லை. நான் பதினைந்தாம் தேதி காங்கேயத்திலிருந்து இந்த அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தேன்.

வீடு கீழே ஊரில் இருக்கிறது. உருளைக்கிழங்கு ஆலையும் நாலு தெருவும் உள்ள சின்ன ஊர். ஒன்றேகால் மணி நேரம் காரில் போக வேண்டும். அந்த வீட்டில் அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. மலையிலேயே இருக்கிறேன் என்றேன். மாமாவைத் தனியாக விட முடியாது என்று இந்தப் பிள்ளையும் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டது.

இது அரசாங்கத்துக் காடு. யார் வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம், கட்டணம் கிடையாது. குழாய் இல்லை, கக்கூஸ் இல்லை, விளக்கு இல்லை. பதினான்கு நாள் இருக்கலாம். அதற்கு மேல் ஆகாது. அக்டோபர் ஐந்தாம் தேதி காலி செய்ய வேண்டும். அதற்குள் பனி விழ ஆரம்பித்துவிடும் என்கிறார்கள். விழுந்தால் அடுத்த வைகாசிக்குத்தான் நிலம் தெரியுமாம். அதற்குள் அவனைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் நாலு மைல் கீழே ஆற்றோரம் போய்த் தண்ணீர் பிடித்து வந்தோம். அது கட்டணம் கட்டித் தங்கும் இடம். குழாய், மேஜை, கக்கூஸ் எல்லாம் உண்டு. அங்கே ஒரு குடும்பம் தோசைக்கல் மாதிரி ஒன்றில் கோதுமை அடை சுட்டுக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

பிறகு ஏரிப் பாதையில் ஆறு மணி நேரம் நடந்தோம். நான் "பரிதீ, சாமீ" என்று கத்தினேன். கோகிலா "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினாள். வீட்டில் அவர்களுக்குள் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள், எனக்குத் தெரியாதா? நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று கூச்சம்.

"பேரைச் சொல்லியே கூப்புடு அம்மிணி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றேன்.

"பரிதி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். இரண்டாவது தடவை வாய் வரவில்லை. பாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

தூறல். ரசம் வைத்தேன். உப்புக் கூடிப்போயிற்று.

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்றைக்கு அந்தப் பேச்சை எடுத்தாள். வரும் என்று தெரியும்.

"மாமா, மலையேறின மறுநா ஞாயித்துக்கெழமை உங்களுக்குப் போன் பண்ணாரில்லீங்க, அப்ப என்னென்ன சொன்னாருன்னு இன்னொருக்கா சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

"அதான் சொன்னனே அம்மிணி. சேர்ந்துட்டேன்னான்."

"அவ்வளவுதானுங்களா? குரல் எப்படி இருந்துச்சுங்க? இரைப்பு இருந்துச்சா? காத்துச் சத்தம், தண்ணிச் சத்தம்?"

"தண்ணிச் சத்தம் இருந்துச்சு" என்றேன். அது பொய் இல்லை.

ஏரியாகத்தான் இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் எழுந்து விறகு பொறுக்கப் போனேன். இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான விறகு ஏற்கெனவே கிடக்கிறது.

செப்டம்பர் 26, வியாழன்

பக்கத்து மரத்தடிக்கு ஒரு அம்மாள் இழுவை வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். பேர் லொரெய்ன். எழுபது வயது இருக்கும். வீடு கிடையாது, இந்த வண்டிதான். பதினான்கு நாள் இங்கே, பதினான்கு நாள் அடுத்த காட்டில், குளிர் வந்தால் தெற்கே பாலைவனத்துப் பக்கம். இப்படியே ஒன்பது வருஷமாகச் சுற்றுகிறாளாம்.

வந்ததும் வராததுமாக என்னைத் திட்டினாள். பருப்புச் சட்டியை வெளியே வைத்திருந்தேன். கரடி வருமாம். சட்டியைத் தூக்கித் தானே காருக்குள் வைத்தாள். அட கெரகமே, என் வயசுக்கு ஒருத்தி திட்டி நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றது இதுதான் முதல் தடவை. சாயந்திரம் கோகிலாவிடம் விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டாள் போல. ஒரு தட்டில் பிஸ்கட் வைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

வன இலாகாக்காரர் ஒருவர் வந்து கார்க் கண்ணாடியில் சீட்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போனார். அக்டோபர் 5 என்று போட்டிருக்கிறது. எங்கள் கதை தெரியுமாம். தெரிந்தும் விதி விதிதான் என்று கோகிலாவிடம் வருத்தப்பட்டுச் சொன்னாராம். நானும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏரியைச் சுற்றி ஐந்தாவது தடவை. ஒன்றும் இல்லை. கால் வீங்கிவிட்டது.

செப்டம்பர் 28, சனி

மத்தியானம் லொரெய்ன் அம்மாள் மகளுக்குப் போன் பண்ண வேண்டும் என்று தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பினாள். எங்கே போகிறீர்கள் என்று கோகிலா கேட்டாள். ஓடைக்கு மேலே ஒரு பாறை இருக்கிறதாம், இந்தப் பக்கத்தில் அங்கே மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்குமாம்.

"ஏரியில?"

ஏரியில் ஒரு புள்ளிகூட வராதாம். நடுவில் மலை மறைக்கிறதாம். ஒன்பது வருஷமாக வருகிறேன், ஒரு நாளும் வந்ததில்லை என்று அடித்துச் சொன்னாள்.

கோகிலா என் பக்கம் திரும்பினாள். "மாமா, அப்ப ஏரிக்குச் சேர்ந்துட்டு எப்படிங்க உங்களுக்குப் போன் பண்ணாரு?"

அவன் மலையேறிய மறுநாள், ஞாயிறு சாயந்திரம் ஆறே காலுக்கு அவன் போன் கீழே ஊர்க் கோபுரத்தோடு ஒரு நிமிஷம் தொடர்பில் இருந்திருக்கிறது. அது சார்ஜென்டுக்கும் தெரியும். மலையில் எந்தப் பக்கம் என்று அதில் தெரியாதாம். ஏரியிலிருந்து எப்படியோ தட்டித் தடுமாறிச் சிக்னல் கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். அவனே அப்பாவிடம் சேர்ந்துவிட்டேன் என்று சொன்ன பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

"தெரியலையே அம்மிணி" என்றேன். சாப்பாடு வேண்டாம் என்று கூடாரத்துக்குள் போய்ப் படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இதை எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் சொல்ல வாய் வரும்.

அவன் என்னிடம் பேசவே இல்லை.

கோயமுத்தூரில் ஹாஸ்டலில் சேர்த்தபோது நான்தான் பழக்கி வைத்தேன். எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் விடு, சேர்ந்துட்டேன்னு அர்த்தம். நான் கட் பண்ணுவேன், தெரிஞ்சுக்கிட்டேன்னு அர்த்தம். பேச வேண்டியதில்லை. அமெரிக்கா வந்தும் அதை அவன் விடவில்லை. விமானம் இறங்கினால் ஒரு ரிங், வெளியூர் போனால் ஒரு ரிங். அவன் அம்மா போனதிலிருந்து நாலு வருஷமாக எனக்கு அதுதான் பேச்சுத் துணை. மற்ற அப்பன் மகன்கள் மாதிரி மணிக்கணக்காகப் பேச எங்கள் இரண்டு பேருக்கும் வராது.

சனிக்கிழமை இங்கே காரை நிறுத்தியதும் ஒரு ரிங் விட்டான். கட் பண்ணினேன். எல்லாம் வழக்கம் போல.

அடுத்தது நம்ம ஊர் நேரத்துக்குத் திங்கள் காலை ஐந்தே முக்கால். எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும் நகராட்சித் தண்ணீர் அப்போதுதான் வந்திருந்தது. வாசலில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. பரிதி. கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. கை ஈரம். டிரம் நிறைந்து வழிகிறது. இவனுக்கு வேற வேலை இல்லை என்று முனகிக்கொண்டு அதையும் கட் பண்ணினேன்.

இரண்டாவது தடவை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

இந்த டைரியிலேயே ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். "தண்ணீர் வந்தது. இரண்டு டிரம், ஏழு குடம். பரிதி சேர்ந்துவிட்டான்."

மறுநாள் கோகிலா போன் பண்ணி, "மாமா, அவரு உங்களுக்குப் போன் பண்ணாருங்களா" என்று பதறியபோது, "பண்ணான் அம்மிணி, சேர்ந்துட்டேன்னான்" என்றேன். பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. பதினாறு வருஷமாக அந்த ரிங்குக்கு அதுதான் அர்த்தம். அதை அவள் சார்ஜென்டிடம் சொல்ல, அவர்கள் மொத்தப் பேரையும் ஏரிப் பக்கம் அனுப்பினார்கள்.

இங்கே வந்து அவர்கள் விரித்த வரைபடத்தில் ஏரியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டிருப்பதைப் பார்த்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது, என் வார்த்தையை வைத்துத்தான் அந்தக் கோடு என்று. பதினைந்தாம் தேதி அது. இன்றைக்கு இருபத்தொன்பது. வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு அப்பன்.

செப்டம்பர் 30, திங்கள்

சொல்லிவிட்டேன். அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை.

"பேசவே இல்லீங்களா?"

"இல்ல அம்மிணி."

"ரெண்டு தடவை அடிச்சாருங்களா?"

"ரெண்டு தடவை."

"அப்புறம் ஏனுங்க மாமா அன்னைக்கே சொல்லல? வந்த அன்னைக்காச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க? நாய் இருந்துச்சு. ஹெலிகாப்டர் இருந்துச்சு. எத்தனை பேரு இருந்தாங்க!"

"பயமா இருந்துச்சு."

என் வயசுக்கு இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவள் அந்த அரிசியை மறுபடி மறுபடி கழுவினாள். ஐந்தாறு தண்ணீர் கழுவியிருப்பாள்.

கடைசியில் சொன்னாள். "நீங்க சேர்ந்துட்டேன்னுதான் சொன்னீங்க. ஏரின்னு நீங்க சொல்லலைங்க. ஏரிக்குச் சேர்ந்துட்டாருன்னு அவங்ககிட்ட சொன்னது நான். நானாத்தான் சேர்த்துக்கிட்டேன்."

"உன் மேல என்ன அம்மிணி தப்பு?"

அடுப்பை அணைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஊருக்குப் போய்விட்டாள். அரிசி அப்படியே கிடக்கிறது. லொரெய்ன் அம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னோடு மரக்கட்டையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

காலையில் கோகிலா சார்ஜென்டைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ராத்திரி அவர் ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

மிஸ்டு கால் என்றால் என்ன என்று அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. எடுக்கக் கூடாது என்று ஏன் ஒருவன் போன் பண்ணுவான் என்று இரண்டு தடவை கேட்டார். கோகிலா பொறுமையாகச் சொன்னாள். புரிந்ததும் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

நாளை நாய்களோடு ஓடைக்கு மேலே அந்தப் பாறைக்கு ஏறுகிறார்கள்.

அக்டோபர் 2, புதன்

நாய்கள் இரண்டு. ஆட்கள் ஒன்பது பேர். இருட்டியதும் திரும்பி வந்தார்கள். உச்சி மேட்டில் பனி விழுந்திருக்கிறதாம்.

கோகிலா என்னிடம் சாப்பிடுங்க என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபர் 3, வியாழன்

பத்தரை மணிக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அக்டோபர் 4, வெள்ளி

பார்க்க வேண்டாம் என்றார்கள். பார்த்தேன். அவன்தான்.

சிக்னல் கிடைக்கும் பாறைக்குக் கீழே ஒரு சரிவு. அதில் விழுந்திருக்கிறான். எங்கள் கூடாரத்திலிருந்து நாற்பது நிமிஷ நடை. நாங்கள் தினமும் அதற்கு அடியில் உள்ள வளைவைத் தாண்டித்தான் ஏரிக்குப் போனோம். இடுப்பு எலும்பு ஒடிந்திருக்கிறது, போன் திரை நொறுங்கியிருக்கிறது. நம்பர் அழுத்த முடிந்திருக்காது, கடைசியாகக் கூப்பிட்ட ஆளை மட்டும் எப்படியோ திரும்பக் கூப்பிட முடிந்திருக்கிறது என்று சார்ஜென்ட் சொன்னார். கடைசியாகக் கூப்பிட்ட ஆள் நான்.

பாதை ஓடையோரம்தானே போகிறது, பாறைக்கு எதற்காக ஏறினான் என்று அவர் கேட்டார். யாருக்குத் தெரியும் என்று கோகிலா சொல்லிவிட்டாள். நான் அங்கே நின்ற ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 5, சனி

கூடாரத்தைப் பிரித்தோம். லொரெய்ன் அம்மாள் உதவி செய்தாள். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் தமிழில்தான் சொன்னேன், போய்ட்டு வர்றேனுங்க என்று. அவள் தலையை ஆட்டினாள்.

மத்தியானம் ஊரில் ஷெரிப் ஆபீஸ். கோகிலா உள்ளே ஒரு டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளி பெஞ்சில். இங்கிலீஷ் எனக்கு அரைகுறைதான், ஆனால் கிழமை பேர் தெரியாத அளவுக்கு இல்லை. டாக்டர் பரிதியின் கைக்கடிகாரத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக் காட்டினார். கையில் கட்டியிருக்கும்வரை நாடித்துடிப்பை எழுதிக்கொண்டே இருக்கும் கடிகாரம் அது. கடைசித் துடிப்பு வியாழக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, காலை ஏழு மணி. கோகிலா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஆயுசு முழுக்க மீட்டர் பார்த்தவன் நான். கருவி எழுதியதை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, டாக்டர் சொல்றாருங்க, அவரு அன்னைக்கே போயிட்டாராம். ஞாயித்துக்கெழமை பொழுதோடவே. விழுந்து கொஞ்ச நேரத்துல. வலியே தெரிஞ்சிருக்காதாம். நாம எங்க தேடியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்களாம் மாமா."

என் முழங்கையைப் பிடித்திருந்தாள். என் முகத்தையே பார்த்தாள், நான் நம்புகிறேனா என்று.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு நாள் அவன் அங்கே கிடந்திருக்கிறான். செவ்வாய்க்கிழமையிலிருந்தே ஹெலிகாப்டர் ஏரிக்குப் போகும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். என் ஒரு வார்த்தைக்காக அது அந்தப் பக்கம் போயிற்று. அதை அவளும் இப்போது தெரிந்து வைத்திருக்கிறாள். ஏரி என்று சொன்னது தான் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்படியா அம்மிணி" என்றேன். "அது வரைக்கும் நல்லது. அவஸ்தைப்படாமப் போனானே."

"ஆமாங்க மாமா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். இந்தப் பதினைந்து நாளில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுதது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 6, ஞாயிறு

நாளை தகனம். சாம்பலில் பாதியை இந்த ஊர் ஆற்றில் கரைத்துவிட்டு, மீதியை நான் கொடுமுடிக்குக் கொண்டுபோகிறேன்.

காலையில் கோகிலா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"மாமா, திதி எதுன்னு பாத்துச் சொல்லுங்க. வருஷா வருஷம் நானும் இங்க சாமி கும்பிட்டுக்கறேன்."

இந்த டைரியில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே திதி அச்சடித்திருக்கிறது. அவள் எதிரிலேயே பிரித்தேன். இந்த ஊர் ஞாயிறு பொழுதோட என்றால் நமக்குத் திங்கள் விடியற்காலம். ஒன்பதாம் தேதி.

"ஆவணி, வளர்பிறை சஷ்டி அம்மிணி."

"சஷ்டிங்களா?"

"சஷ்டிதான். நல்ல திதி."

போனில் குறித்துக்கொண்டாள். எழுத்து சரியா என்று என்னிடம் காட்டினாள். சரி என்றேன். போய் இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்க அம்மிணி என்றேன். சரிங்க மாமா என்று போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பிறகு மூன்று பக்கம் தள்ளிப் புரட்டினேன். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் நவமி என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே அன்றைக்கு நான் எழுதியது: "தேடுகிறார்கள். ஏரிப் பக்கம்தான் இருப்பான் என்று எல்லாருக்கும் நம்பிக்கை."

சஷ்டியன்று அவள் இங்கே கும்பிடட்டும், நானும் ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டு இலை போடுகிறேன். நவமிக்கு நான் மட்டும் சாப்பிடாமல் இருந்துகொள்கிறேன்.